நான்கு குப்பி ரத்தம், முப்பத்தொரு கிலோ வெல்லம்

ஏழு நாற்பதுக்கு முதல் குப்பி எடுத்தாயிற்று. கையோடு ஹார்மோனை எழுப்பிப் பார்க்கிற ஊசியையும் போட்டாயிற்று. இனி எட்டு பத்துக்கு ஒன்று, எட்டு நாற்பதுக்கு ஒன்று, கடைசியாக ஒன்பது நாற்பதுக்கு ஒன்று, அதுவரைக்கும் பிள்ளையை எழுந்து ஓட விட்டுராதீங்கக்கா என்று எப்சிபா சிஸ்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஓடுகிற பிள்ளையா இது, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மணிக்கட்டில் டேப் போட்டு ஒட்டிய குழாய் எதிலும் பட்டுவிடாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரில் இருக்கிற எழுத்தையெல்லாம் படிக்கிறாள். கைகழுவும் முறை, ஆறு படிகள். செல்போனைத் தவிர்க்கவும். பாளையங்கோட்டைக்கு பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் இப்படித்தான் கடை போர்டு ஒன்று விடாமல் படித்தாள், எழுத்துக் கூட்டத் தெரிந்த நாளிலிருந்து எதையும் விடுவதில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் என் மடியில் நான்காக மடித்த ரோஸ் நிறத் தாள் ஒன்று இருக்கிறது. நான்கு குப்பியும் சேர்த்தால் பால் புகட்டுகிற பாலாடை ஒன்றின் அளவுகூட வராது, அந்த அளவு ரத்தத்தில் என் பிள்ளைக்கு எட்டு வயதில் என்ன நடக்கிறது என்பது தெரிந்துவிடுமாம். தாளில் மேல்பாதி நான் போன வாரமே நிரப்பிக் கொடுத்தது. பெயர், தேவசேனா. தாய், கோமதி. தந்தை, சண்முகவேல். பதினோராவது கேள்வி, கருத்தரிப்பு: இயற்கை, சிகிச்சை மூலம், இரண்டில் ஒன்றை டிக் செய்யவும். இயற்கை என்பதில் டிக் அடித்தேன். பேனா தானாகப் போனது. பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து எங்கே யார் கேட்டாலும் அந்தப் பக்கமே போய்ப் பழகிய கை. இன்றைக்குக் காலையில் சிஸ்டர் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்தபோது மாட்டிக்கொண்டோம் என்றுதான் நினைத்தேன், ஆனால் அவள் காட்டியது கீழ்ப்பாதியை. வருஷா வருஷம் எடை, உயரம் எழுதுற கட்டம் காலியா இருக்குக்கா, தெரிஞ்ச வரைக்கும் நிரப்புங்க, டாக்டர் பத்து மணிக்கு வருவாங்க, எந்த வருஷத்துல இருந்து பிள்ளை சடசடன்னு ஏறுனான்னு அவங்களுக்குப் பாக்கணும் என்றாள். பிறந்ததிலிருந்து ஒரு புஸ்தகம் குடுத்திருப்பாங்களே, அத எடுத்துட்டு வரலியா என்றும் கேட்டாள். காணாமப் போச்சு சிஸ்டர் என்றேன். காணாமல் போகவில்லை. நான் எரித்தேன்.

பின்பக்கம், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், பகல் பதினொரு மணிக்கு, மாமா, என் மாமனார், பஜாருக்குப் போயிருந்த நேரத்தில். மதுரை ஆஸ்பத்திரி ஃபைலை எரிக்கத்தான் எடுத்தேன், ஸ்கேன் படங்கள், ஊசிச் சீட்டு, கருவை உறைய வைத்ததற்குக் கையெழுத்துப் போட்ட காகிதம் எல்லாம், அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது அந்த மஞ்சள் அட்டைப் புஸ்தகம், பிள்ளையின் முதல் ஒன்றரை வருட எடையும் உயரமும் அதில்தான். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் கருத்தரிப்பு மையம் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். அந்தத் தலைப்பை மட்டும் கத்தரியால் வெட்டியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை, பயத்தில் இருக்கிறவளுக்குக் கத்தரி ஞாபகம் வராது, தீப்பெட்டிதான் ஞாபகம் வரும். இப்போது என்ன எழுத, பிள்ளை எப்போதும் நன்றாகத்தான் சாப்பிட்டாள், எப்போதும் வளர்ந்துகொண்டுதான் இருந்தாள் என்று எழுதவா. முதலில் தெரிந்தது வாசனைதான். ஏழு வயதும் சில மாதமும் ஆனபோது, பள்ளிக்கூடம் விட்டு வந்து சட்டையைக் கழற்றிப் போட்டால் பெரிய ஆள் வியர்வை வாசனை அடித்தது, கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு, வெயிலாக இருக்கும் என்று சோப்பை மாற்றினேன். அப்புறம் ஒருநாள் தலைக்கு ஊற்றும்போது, மெதுவா தேய்மா, நெஞ்சு வலிக்கி என்றாள். கையை வைத்துப் பார்த்தால் தோலுக்கடியில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி, இடதுபக்கம் மட்டும். எறும்பு கடித்திருக்கும் என்றேன். என்ன எறும்பு தோலுக்குள் போய்க் கடிக்கும். ஒரு மாதத்தில் வலதுபக்கமும் வந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை, பல் இன்னும் விழுந்து முளைத்து முடியவில்லை, சட்டைக்குள்ளே பெனியன் போட்டு அனுப்ப ஆரம்பித்தேன், எதுக்கு பெனியன், பையன் போடுறது என்றாள், குளிருக்கு என்றேன், தென்காசியில் சித்திரை மாதம் குளிருக்கு.

எட்டு வயதில் பெரியவளாகி உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வேன். இந்த நினைப்பு வந்தால் அது நேராக மண்டபத்துக்குப் போய் நிற்கிறது. ஃபிளெக்ஸ் போர்டில் பிள்ளை படம், வாசலில் குலைதள்ளிய வாழை, தாய்மாமன் தட்டு என்று என் தம்பி வேன் பிடித்து வருகிறான், ஒலிபெருக்கி, மேடையில் பட்டுச்சேலை சுற்றிய என் பிள்ளை, சேலை அவளைவிட உயரம், நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடவில்லை, வந்தவர்கள் எல்லாம் கன்னத்தைக் கிள்ளிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள், என்னட்டி கோமதி, இவ்வளவு சீக்கிரமா. உயரம் நின்றுவிடும் என்பது அதற்கு அப்புறம்தான் நினைவுக்கு வருகிறது, டாக்டர் சொன்னது என்னவோ அதைத்தான். டாக்டர் ரஹ்மத் நிஷா அதிர்ந்து பேசுகிறவர் இல்லை. இடதுகை எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துக் காட்டி, பிள்ளைக்கு எட்டு வயசு ஒரு மாசம், ஆனா கை எலும்புக்குப் பத்து வயசு, எலும்பு சீக்கிரம் முத்திட்டா வளர்த்தி சீக்கிரம் நின்னுரும், ஹார்மோன் உண்மையிலேயே முழிச்சிருச்சான்னு இந்த டெஸ்ட்ல தெரியும், முழிச்சிருந்தா மாசம் ஒரு ஊசி போட்டுக் கொஞ்ச காலம் தூங்கவைக்கலாம், பயப்பட வேண்டாம் என்றார். பத்து வயது என்றதும் நான் உடனே கூட்டிப் பார்த்தேன். பிறந்து எட்டு வருடம் ஒரு மாதம். அதற்கு முன்னால் என் வயிற்றில் ஒன்பது மாதம். அதற்கும் முன்னால் பதினான்கு மாதம் மதுரையில் ஒரு குளிர்ப்பெட்டிக்குள். கூட்டினால் சரியாகப் பத்து வருடம், ஒரு நாள் கூடக் குறைய இல்லை. அந்த எலும்பு ஐஸுக்குள் இருந்த நாளையும் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறதா. அப்போது ஏது எலும்பு, கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளி, எனக்கே தெரிகிறது இது பைத்தியக்காரக் கணக்கு என்று, ஆனால் போன வாரத்திலிருந்து நாளைக்கு நூறு தடவை அதைக் கூட்டுகிறேன், ஒவ்வொரு தடவையும் பத்து வருகிறது. ஜாதகம் எழுதியவர் பிறந்த நேரம் கேட்டார், ஆஸ்பத்திரிக் கடிகாரத்தில் பார்த்ததைச் சொன்னோம். எந்த நேரத்தைச் சொல்லியிருக்க வேண்டும்.

எப்சிபா சிஸ்டர் வந்துவிட்டாள், எட்டு பத்து. குழாயின் மூடியைத் திறந்து கொஞ்சம் ரத்தத்தை இழுத்து ஒதுக்கிவிட்டு, அப்புறம் குப்பிக்கு எடுக்கிறாள். வலிக்குதாட்டி என்றேன். இல்லம்மா, குளுகுளுன்னு இருக்கு என்றாள் தேவசேனா. எழுதிட்டீங்களாக்கா என்று சிஸ்டர் கேட்க, யோசிச்சுக்கிட்டு இருக்கேன் என்றேன். யோசிக்கத்தான் செய்கிறேன். எதை என்பதுதான் வேறு. போன வாரம் பதினோராவது கேள்வியை டாக்டர் வாயாலும் கேட்டார். கேட்டுவிட்டு அவராகவே சொன்னார், சிகிச்சையில பிறந்த பிள்ளைங்க பெரும்பாலும் மத்தப் பிள்ளைங்க மாதிரிதாம்மா வளருறாங்க, அதனாலதான் இப்படின்னு நான் சொல்ல வரல, இந்த மாதிரிச் சீக்கிரம் வயசுக்கு வாரது எல்லாப் பிள்ளைங்களுக்கும்தான் வருது, ஆனா ஹார்மோன் விஷயத்துல பத்து இருபது வருஷம் கழிச்சு என்ன ஆகுதுன்னு உறுதியாச் சொல்ல இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்கோம், தெரிஞ்சா குறிச்சு வச்சுக்கிடுவோம், வளர்ந்த பிள்ளைங்களப் பத்தி வீட்ல யாரும் வாயத் திறக்க மாட்டேங்கிறாங்க, அப்புறம் எங்களுக்கு எப்படித் தெரியும். நான் இயற்கைதான் டாக்டர் என்றேன். பக்கத்தில் இவர், பிள்ளையின் அப்பா, சுவர்க் காலண்டரில் கரிநாள் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து பைக்கை எடுத்து, வண்ணாரப்பேட்டை சிக்னலில் நிற்கும்போது, தலையைத் திருப்பாமல், எங்கிட்ட இருந்த கோளாறுதான் அவளுக்கு வந்துருச்சோ கோமு என்றார். நடுவில் உட்கார்ந்திருந்த பிள்ளை பெட்ரோல் பங்க் போர்டைப் படித்துக்கொண்டிருந்தாள். பச்சை விழுந்துட்டு, போங்க என்றேன். வேறென்ன சொல்ல, நான் அதற்குள் என்னுடையதைத் தனியாக எண்ணிக்கொண்டிருந்தேன், வயிற்றைச் சுற்றிப் போட்டுக்கொண்ட ஊசிகளை, தொப்புளுக்கு இடதுபக்கம் ஒருநாள், வலதுபக்கம் ஒருநாள். அதெல்லாம் எங்கே போயிருக்கும், என் உடம்போடு நின்றிருக்குமா. அவருக்கு அவர் பயம், எனக்கு என் பயம், ஒரே பைக்கில்தான் போகிறோம்.

கோளாறு அவரிடம்தான். அதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. என் நாத்தனார் வளைகாப்பில் வரிசையாக எல்லாரும் வளையல் போட, என் முறை வந்ததும் பந்தியில இலை போட ஆள் இல்லன்னு ஒருத்தி என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்விட்டாள், இவர் பார்த்துக்கொண்டு நின்றார், மின்வாரியத்தில் ஹைடென்ஷன் கம்பியைத் தொடுகிற ஆள் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை, தீரும் என்றும் தோன்றவில்லை. ஆனால் மதுரைக்குப் போவோம் என்று கூப்பிட்டதும் அவர்தான், வீட்டில் சொல்லக் கூடாது என்று கெஞ்சியதும் அவர்தான். ஆபீஸ் டிரெயினிங், கூடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவோம். ஊசி மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும், ஃபிரிட்ஜில் மல்லித்தழை டப்பாவுக்குள் வைத்திருந்தேன், ஒருநாள் மாமா துவையலுக்குத் தழை தேடி அதை வெளியே எடுத்துவிட்டார். இது என்ன தாயி. பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சுகர் மருந்து மாமா, அவங்க வீட்டுல ஃபிரிட்ஜ் ரிப்பேர். அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கு மாமா அந்த அக்காவைத் தெருவில் பார்க்கிறபோதெல்லாம், சுகர் எப்படிம்மா இருக்கு, சீனி சேக்காத என்று சொல்லி, அவள் என்னிடம் வந்து ஒங்க மாமாவுக்கு மூளை கலங்கிட்டா என்று கேட்டாள். மாமா பேர் ஆறுமுகம். முப்பது வருடம் பஸ் கண்டக்டர். அத்தை இறந்தபோது கரு மதுரையில் உறைந்து கிடந்தது, என் உடம்பு ஊதிப்போயிருந்ததால் இரண்டு மாதம் பொறுக்கச் சொல்லியிருந்தார்கள், பொறுத்து முடிக்கிறபோது அத்தை போனார்கள், தலைத்திவசம் முடியாமல் நல்ல காரியம் எதுவும் கூடாது என்று வீட்டில் பேச்சு, இது நல்ல காரியமா இல்லையா என்று யாரிடம் போய்க் கேட்பது, அப்படியே ஒரு வருடம். திவசம் முடிந்த கையோடு மதுரைக்குப் போய் அந்தக் கருவை என் வயிற்றில் வைத்துவிட்டு வந்தோம். அந்த மாதம் கிருத்திகைக்கு மாமா செருப்பில்லாமல் மலைக்கோயிலுக்கு ஏறியிருக்கிறார், எங்களுக்குத் தெரியாது. அடுத்த வாரம் எங்களுக்கு மதுரையிலிருந்து தகவல், அவருக்கு நாங்கள் சொன்னபோது அவர் விரல்விட்டு எண்ணிவிட்டு, நான் ஏறுன கிருத்திகை தாயி என்று சொல்லி அழுதுவிட்டார். பிள்ளை பிறந்தால் வருஷா வருஷம் எடைக்கு எடை வெல்லம், பெண்ணாக இருந்தால் வயதுக்கு வருகிற வரைக்கும். அதுதான் நேர்ச்சை. அவர் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் எப்படிச் சொல்ல முடியும். அதனால் எரித்தேன். மதுரையிலிருந்து வருடம் ஒருமுறை ஒரு பெண் போன் செய்யும், பிறந்தநாளை ஒட்டி, பிள்ளை நல்லா இருக்காளாம்மா, எடை உயரம் சொல்றீங்களா, நாங்க எல்லாப் பிள்ளைங்களுக்கும் குறிச்சு வைக்கிறோம் என்று. மாமா ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ராங் நம்பர் என்று வைத்துவிடுவேன். மூன்று வருடம் அப்படிச் சொன்னேன். அந்த நம்பரை ராங் நம்பர் என்றே பேர் போட்டுப் பதிந்தும் வைத்தேன், வந்தால் எடுக்கக் கூடாதே என்று. நாலாம் வருடத்திலிருந்து வரவில்லை. வாயத் திறக்க மாட்டேங்கிறாங்க என்று டாக்டர் சொன்னது என்னைத்தான்.

எட்டு நாற்பது, மூன்றாவது குப்பி. தேவசேனா எண்ணிக்கொண்டே கையை நீட்டினாள், இன்னும் ஒண்ணுதான சிஸ்டர் என்றாள். சிஸ்டர் மடித்த தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உயரம் தெரியலன்னாலும் பரவால்லக்கா, எடையாவது, எங்கயாவது எடை போட்டிருப்பீங்கள்லா என்றாள். அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. எடை போடாமல் என்ன, வருடம் தவறாமல் சாமி முன்னால் தராசில் உட்காரவைத்துப் போட்டிருக்கிறோமே. கோயிலில் எழுதித் தந்த சீட்டு எட்டும் மாமா கையில்தான் இருக்கும், டிக்கெட் கட்டைப் பத்திரமாக வைத்துப் பழகிய ஆள் அதையும் ஊக்கில் கோத்து சாமி அலமாரியில் வைத்திருப்பார். போன் போட்டேன். ஒரு மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டார், பக்கத்திலேயே வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்.

"என்ன தாயி, பிள்ளை அழுதாளா?"

"இல்ல மாமா. மூணு குப்பி எடுத்தாச்சு. துலாபாரச் சீட்டெல்லாம் இருக்கா? டாக்டர் பழைய எடை கேக்காங்க."

சீட்டைத் தேட அவருக்கு நேரமே ஆகவில்லை. கண்ணாடி போடுகிற சத்தம் கேட்டது. ஸ்டேஜ் ஸ்டேஜாக டிக்கெட் போடுகிற குரலிலேயே வாசித்தார். முதல் வருடம் ஒன்பதரை. இரண்டாவது பன்னிரண்டு. பதினாலு. பதினாறு. பதினெட்டு. ஆறாவது இருபத்தொன்று. ஏழாவது இருபத்தாறு. போன மாதம் போட்டது முப்பத்திரண்டு. நான் தாளை விரித்துக் கட்டங்களில் எழுதிக்கொண்டே வந்தேன், எழுதும்போதே தெரிந்தது, ஐந்து வரை படி ஏறுகிற மாதிரி வந்தவள் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் தாவியிருக்கிறாள், ஐந்து கிலோ, அந்த வருடம்தான் தராசில் உட்காரும்போது பாவாடை இறுக்குகிறது என்று சிணுங்கினாள், முருகன் கண் திறந்துட்டான், பிள்ளை புஷ்டியாயிட்டா என்று எல்லாரும் சிரித்தோம், பிரசாதம் வாங்கித் தின்றோம். வச்சிரட்டுமா மாமா என்றேன்.

"இரு தாயி." சீட்டு சரசரத்தது. "அந்தச் சீட்டுல உள்ளது சரியான எடை கிடையாது."

"என்ன மாமா?"

"வருஷா வருஷம் தட்டுல ஒரு கட்டி கூட வச்சிருவேன். ஒரு கிலோ கட்டி. முள் சாமி பக்கமாச் சாயட்டும்னு. ஒங்க ரெண்டு பேருகிட்டயும் சொல்லல, சாமி காரியத்துல சொல்லிக்காட்டக் கூடாதுல்லா. ஆனா டாக்டருக்குத் தப்பாப் போயிரக் கூடாது. எல்லாத்துலயும் ஒவ்வொரு கிலோ கழிச்சுக்க."

"எல்லா வருஷமும் ஒரு கிலோதானா?"

"ஒரே அளவுதான். இஷ்டத்துக்கு வச்சா அது ஏமாத்துல்லா." அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "டாக்டர்னா செக்கிங் ஏறுன மாதிரி தாயி. நம்ம டிக்கெட்டு சின்ன டிக்கெட்டோ பெரிய டிக்கெட்டோ, கையில உள்ளத அப்படியே காட்டிரணும். பிள்ளை காரியம். எதையும் மறைச்சிராத."

சரி மாமா என்றேன், சரி மாமா என்று இன்னொரு தடவை சொன்னேன். மாமாவுக்குத் தெரியுமோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பக்கத்து வீட்டு அக்காவின் சுகரை ஒரு வருடம் விசாரித்திருக்க மாட்டார். எழுபத்து நாலு வயது மனுஷர், பார்த்தேயிராத ஒரு டாக்டருக்கு ஒரு கிலோ வெல்லம் பிசகிவிடக் கூடாது என்று, எட்டு வருடமாகச் சாமிக்கும் தனக்கும் மட்டும் தெரிந்ததை உடைத்துச் சொல்லிவிட்டார், நான் இங்கே பத்து வருடத்தை மடியில் நான்காக மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளையின் அப்பா கோபப்படுவார். ஆம்பிளை மானத்தை ரோஸ் தாளில் எழுதிக் கொடுத்துட்டியா என்று கேட்கமாட்டார், அதைவிட மோசமாக, ஒன்றும் கேட்காமல் ஒரு வாரம் தட்டைப் பார்த்தே சாப்பிடுவார். சாப்பிடட்டும். சிக்னலில் கேட்டாரே, அதற்குப் பதில் அவருக்கும் வேண்டும், எனக்கும் வேண்டும், எல்லாவற்றையும்விட இவளுக்கு வேண்டும், நாளைக்கு இவளுக்கு இருபத்தைந்து வயதாகி, இவளே ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்து, இவளிடம் இதே கேள்வியைக் கேட்டால் என்ன சொல்லுவாள், தன் உடம்பு எங்கே தொடங்கியது என்று தெரியாமல் இயற்கை என்று டிக் அடிப்பாள். அந்தப் பொய் அவளுடையதுகூட இல்லை. நான் எட்டு எடையிலும் ஒவ்வொரு கிலோவாகக் கழித்துத் திருத்தி எழுதினேன். எட்டரை, பதினொன்று, பதிமூன்று. கடைசியில் முப்பத்தொன்று. திருத்திக்கொண்டிருந்த பேனாவாலேயே மேலே போய், இயற்கையில் போட்ட டிக்கை அடித்துவிட்டு, சிகிச்சை மூலம் என்பதில் போட்டேன். பக்கத்தில், பதினான்கு மாதம் உறைய வைத்தது, மதுரை, என்றும் எழுதினேன். எழுதிட்டேன் என்று, டூட்டியில் இருக்கும் இவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டார்.

"எதுக்கும்மா அடிச்ச?"

கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

"தப்பா எழுதிட்டேன்."

"சிகிச்சை மூலம்." விரலை வைத்துப் படித்தாள். "சிகிச்சைன்னா வைத்தியம்தான. எனக்கா?"

"எனக்கு. நீ வாரதுக்கு முன்னாடி." இதற்கு ஒரு நல்ல நேரம் வரும், பெரியவளானதும் சொல்லலாம் என்று வைத்திருந்தேன், இவள் எனக்கு முன்னால் பெரியவளாகிக்கொண்டிருக்கிறாள். "நீ வரணும்னு நாங்க ரொம்ப வருஷம் காத்துக்கிட்டு இருந்தோம். மதுரையில ஒரு டாக்டரம்மாகிட்டப் போய்க் கேட்டோம்."

"தாத்தா முருகன்கிட்டல்லா கேட்டாங்க."

"தாத்தா அங்க கேட்டாங்க. நாங்க இங்க கேட்டோம்."

"டாக்டரம்மா என்ன செஞ்சாங்க?"

"எங்கிட்ட இருந்து கொஞ்சம், அப்பாகிட்ட இருந்து கொஞ்சம் எடுத்து, ஒரு கண்ணாடித் தட்டுல சேத்து வச்சாங்க. நீ அதுலதான் ஆரம்பிச்ச. அஞ்சு நாள் கண்ணும் கருத்துமா பாத்துக்கிட்டாங்க. பெறகு நான் தேறி, வீட்டுல துக்கமும் முடியிற வரைக்கும் ஒன்ன குளிருக்குள்ள பத்திரமா வச்சிருந்து, எங்கிட்டக் குடுத்தாங்க."

அவள் பயப்படுவாளோ, அழுவாளோ என்று முகத்தையே பார்த்தேன். குழாய் ஒட்டிய கையைத் தூக்கிப் பிடித்தபடி யோசித்தாள். "தட்டுன்னா தராசுத் தட்டு மாதிரியா?"

"அதவிட ரொம்பச் சின்னது. உன் உள்ளங்கை அளவுகூட வராது."

"அவங்களுக்கு வெல்லம் குடுத்தோமா?"

இல்லை என்றேன். ஏன் என்றாள். முருகனுக்கு எட்டு வருடத்தில் நூற்றைம்பது கிலோவுக்குப் பக்கம். அந்த அம்மாவிடம் பிள்ளையைக் கொண்டுபோய் ஒரு தடவை முகம் காட்டவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, இவ்வளவு நாளும் பயம்தான் இருந்தது, வெட்கம் இன்றைக்குத்தான் வந்தது. எப்சிபா சிஸ்டர் நான்காவது குப்பியோடு வந்தாள், ஒன்பது நாற்பது ஆகியிருந்தது, ரத்தம் எடுத்து, குழாயை உருவி, பஞ்சை வைத்து அழுத்திப் பிடிச்சுக்கோ பாப்பா என்றாள். தாளைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவள் பதினோராவது கேள்வியில் கொஞ்சம் நின்றாள், என் தோளில் கையை வைத்துவிட்டுப் போனாள். நான் போனை எடுத்து, ராங் நம்பர் என்று பதிந்து வைத்ததைத் தேடி அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டேன். மணி அடித்தது. எடுத்தது புதுக் குரல், சின்னப் பெண். என் பேரையும் வருடத்தையும் சொன்னேன். கொஞ்சம் இருங்கம்மா என்றாள், எதையோ தட்டித் தேடுகிற சத்தம் கேட்டது, அப்புறம், இருக்கும்மா, உங்க பக்கம் காலியாவே இருக்கு, பிள்ளை நல்லா இருக்காளா என்றாள். இருக்கா என்றேன். ஒரு டெஸ்ட்டுக்காக ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கோம், டாக்டரம்மாகிட்ட பேசணும், பிள்ளையையும் நேர்ல கொண்டாந்து காட்டணும் என்றேன். சரிம்மா, சொல்றேன், அதுக்கு முன்னாடி, இப்ப எடை எவ்வளவு இருக்கும் என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, கட்டிலிலிருந்து தேவசேனா சத்தமாகச் சொன்னாள்.

"முப்பத்தொண்ணு. கழிச்சாச்சு."